பசைக்குள் பதுங்கும் கிருமிகள்

1897-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிளேக் புனேயைச் சூறையாடியது. ஊருக்கு வெளியே மகன் டாக்டர் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை முகாமுக்கு, நோய் கண்ட சிறுவன் ஒருவனைத் தானே சுமந்து சென்றார் சமூகச் சீர்திருத்தவாதி சாவித்திரிபாய் பூலே. நோய் அவரையும் தொற்றியது. மார்ச் 10 அன்று காலமானார்.

பிளேக் கிருமியை மருத்துவர் யெர்சின் 1894-இலேயே ஹாங்காங்கில் கண்டறிந்திருந்தார். ஆனால் எலியிடமிருந்து அது மனிதருக்கு வரும் வழி தெரியாத நிலையில், புனேயில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டார்கள். தெள்ளுப்பூச்சிதான் அந்த வழி என்று 1898-இல் கராச்சியில் காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் சிமோன்.

பூச்சிக்குள் என்ன நடக்கிறது? 1914-இல் லண்டனில் ஆய்வாளர்கள் பேகாட்டும் மார்ட்டினும் பூச்சியை அறுத்துப் பார்த்தார்கள். அதன் இரைப்பை வாயிலில் கிருமிகள் கட்டியாகத் திரண்டு அடைத்திருந்தன. உறிஞ்சிய ரத்தம் உள்ளே இறங்காமல், கிருமிகளையும் அள்ளிக்கொண்டு கடிவாய்க்கே திரும்புகிறது. பசி அடங்காத பூச்சி மறுபடி மறுபடி கடிக்கிறது. ஒவ்வொரு கடியிலும் நோய் பரவுகிறது.

அந்த அடைப்பைத்தான் இன்று உயிர்ப்படலம் என்கிறார்கள். பாக்டீரியாக்கள் ஒரு பரப்பில் ஒட்டி, சர்க்கரைச் சங்கிலிகளாலான பசையைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழ்கின்றன. பல்லில் படியும் காரையும் இதே வகைதான்.

பிளேக் கிருமி பூச்சியின் குளிர்ந்த உடலில்தான் இந்தப் பசையைச் சுரக்கும். மனித உடலின் 37 டிகிரி வெப்பத்தில் அநேகமாகச் சுரப்பதில்லை. ஆன்டிபயாட்டிக்கை உடனே கொடுத்தால் பிளேக் பெரும்பாலும் குணமாகிறது.

மருத்துவமனைகளைப் படுத்தும் ஸ்டெஃபைலோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்றவை அப்படியல்ல. சிறுநீர் வடியச் செருகும் குழாய், வென்டிலேட்டர் குழாய், செயற்கை மூட்டு ஆகியவற்றின் மீது மனித உடலுக்குள்ளேயே படலம் கட்டுகின்றன. அங்கே சில மருந்துகள் பசையிலேயே சிக்கித் தாமதமாகின்றன. வெள்ளை அணுக்களால் கிருமிகளை எளிதில் விழுங்க முடிவதில்லை. அடியில் கிடப்பவையோ உணவும் ஆக்ஸிஜனும் குறைந்து, வளராமல் உறங்குகின்றன. பென்சிலின் போன்ற மருந்துகள் வளரும் கிருமியைத்தான் கொல்லும். மருந்தை நிறுத்தியதும் உறங்கியவை எழுந்து பெருகுகின்றன, காய்ச்சல் திரும்புகிறது. தனியாக மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவைப்போல் 1,000 மடங்கு மருந்தையும் படலத்துக் கிருமிகள் தாங்குவது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

ஆகவேதான் பல நேரங்களில் மருந்தோடு நிற்காமல், தொற்றிய குழாயையே மருத்துவர்கள் எடுத்துவிடுகிறார்கள். சிறுநீர்க் குழாய் எத்தனை நாள் உள்ளே இருக்கிறதோ அத்தனைக்குத் தொற்று அபாயம் கூடும். அதை இன்னும் வைத்திருக்க வேண்டுமா என்று தினமும் கேட்பது நோயாளியின் குடும்பத்தாராலும் முடிகிற காரியம்.