ஜமைக்காவின் ‘கேப்ச்சர் லேண்ட்’: இடிந்த வீடும் முடியாத சீட்டும்

ஜமைக்காவில் ஏழை கட்டும் வீட்டை அதன் தலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். கான்கிரீட்டுக்கு மேலே துருவேறிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மாடி என்றைக்காவது எழும் என்று விட்டுவைத்த கம்பிகள். முதலில் பலகையும் தகரமும் வைத்து ஓர் அறை. காசு வந்தபோது ஹாலோ பிளாக் சுவர். பிறகு ஜன்னல். பட்டா இல்லாத மனைக்கு வங்கிக் கடன் கிடைக்காது. ‘பார்ட்னர்’ போட்ட பணத்தில்தான் பலருக்குச் சுவர் எழுகிறது. பார்ட்னர் என்பது ஏலமில்லாத சீட்டு. சிலர் சேர்ந்து வாரா வாரம் ஒரே தொகை கட்டுவார்கள். மொத்தப் பணத்தையும் முறை வைத்து ஒருவர் எடுப்பார்.

2022 அக்டோபரில் செயின்ட் கேத்தரின் மாவட்டத்தின் கிளிஃப்டனில் அரசு வீடுகளை இடித்தது. பெர்னார்டு லாட்ஜ் என்ற பழைய கரும்புத் தோட்டத்தைச் சேர்ந்த அரசு நிலம் அது. குற்றக் கும்பல் ஒன்று அதை மனை போட்டு விற்றுவிட்டது என்றார் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ். நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம் என்றார்கள் வீடிழந்தவர்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் புல்டோசர் ஏறியது வாங்கியவர் வீட்டின் மேல்தான்.

இப்படிப் பிடித்துக் குடியேறிய இடத்துக்கு அங்கே ‘கேப்ச்சர் லேண்ட்’ என்று பெயர். இத்தகைய குடியிருப்புகள் தீவில் 700-க்கும் மேல். ஐந்தில் ஒருவர் இவற்றில் வாழ்வதாக மதிப்பிடுகிறார்கள். ஐந்தில் ஒரு பங்கு மக்களையும் ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. அவர்களுக்கென்று நிலம் எப்போது இருந்தது?

1838-இல் அடிமைகள் முழு விடுதலை பெற்றார்கள். பேரரசு முழுவதற்குமாக 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது பிரிட்டன். வாங்கியவர்கள் அடிமைகளை வைத்திருந்த முதலாளிகள். விடுதலையானவர்களுக்கு ஒரு காசும் இல்லை, ஒரு குழி நிலமும் இல்லை. தாங்களே கட்டிய குடிசைக்கும், வள்ளிக்கிழங்கு போட்ட தோட்டத்துக்கும் அவர்கள் வாடகை கொடுக்க வேண்டியிருந்தது, கொடுக்காதவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பாப்டிஸ்ட் பாதிரியார்கள் நிலம் வாங்கிப் பிரித்துக் கொடுத்ததால் ஸ்லிகோவில் போன்ற விடுதலைக் கிராமங்கள் எழுந்தன. மற்றவர்கள் மலைச்சரிவிலும் கைவிட்ட தோட்டங்களிலும் ஏறினார்கள்.

1865-இல் மோரண்ட் பே நீதிமன்றத்தில் விசாரித்த ஒரு வழக்கு இதையெல்லாம் காட்டும். ஆளில்லாமல் கிடந்த தோட்டம் ஒன்றில் ஒருவர் அத்துமீறி நுழைந்தார் என்பது குற்றச்சாட்டு. அதையொட்டி மூண்ட கலகத்தில் பால் போகிள் தன் ஊரிலிருந்து ஆட்களோடு நடந்துவந்தார். ராணுவச் சட்டம் போட்ட ஆளுநர் எயரின் படை 400-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஏறக்குறைய 1,000 வீடுகளைக் கொளுத்தியது. தூக்கிலிடப்பட்ட போகிள் இன்று ஜமைக்காவின் தேசிய வீரர்.

சுதந்திரம் வந்தது 1962-இல். நான்கே ஆண்டில், தலைநகர் கிங்ஸ்டனின் பேக்-ஓ-வால் சேரியை புல்டோசர் தரைமட்டமாக்கியது. அங்கே எழுந்த டிவோலி கார்டன்ஸ் அடுக்ககத்தில் ஆளுங்கட்சி ஆதரவாளர்களுக்கே இடம் கிடைத்தது. வீடும் ஓட்டும் ஒன்றோடொன்று முடிச்சுப்போட்ட கதை அங்கிருந்து வளர்ந்தது.

சட்டத்தில் ஒரு வாசல் உண்டு. தனியார் நிலத்தில் 12 ஆண்டு தடையின்றி அனுபவித்தால் உரிமை கோரலாம். அரசு நிலமென்றால் 60 ஆண்டு. கிளிஃப்டன் அரசு நிலம் என்பதை மறக்கவேண்டாம்: முப்பது வயதில் கூரை போட்டவர் தொண்ணூறு வயதில்தான் கேட்க முடியும்.

1976-இல் தொடங்கிய தேசிய வீட்டுவசதி அறக்கட்டளை நல்ல திட்டம்தான். சம்பளத்தில் 2 சதவீதம் தொழிலாளியும் 3 சதவீதம் முதலாளியும் கட்டுகிறார்கள். கட்டியவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன். ஆனால் சந்தையில் காய்கறி விற்பவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? அன்றன்றைக்குக் கூலி வாங்கும் கொத்தனார் மாதம் தவறாமல் எப்படிக் கட்டுவார்? அடுத்தவர் வீட்டைக் கட்டிக்கொடுப்பவரே கடன் வரிசையில் நிற்க முடியாமல் போகிறது.

அதனால்தான் பார்ட்னர். முதல் முறையிலேயே பணத்தை எடுத்துச் சுவர் எழுப்பியவர், வீடு இடிந்த பிறகும் அடுத்த வாரத் தவணையைக் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். கட்டாமல் விட்டால் நஷ்டம் வங்கிக்கல்ல, பக்கத்துத் தெருக்காரருக்கு.