சுவர்க்குறிகளை அடையாளம் காணுதல்

சுவர்க்குறி என்பது சுவர், பாறை, மின்கம்பம், பாலம், மரம், பேருந்து முதலிய பொது இடப் பரப்புகளில் எழுதப்படும், வரையப்படும் அல்லது கீறப்படும் எழுத்தும் அடையாளமும் ஆகும். இதனை ஆங்கில வழக்கையொட்டி கிராஃபிட்டி என்றும், பேச்சு வழக்கில் சுவர்க் கிறுக்கல் என்றும் கூறுவர். பார்ப்பவருக்குக் கிறுக்கலாகத் தோன்றினாலும் எழுதியவருக்கு அதில் ஒரு பொருள் உண்டு. "இது எங்கள் இடம்", "நான் இங்கே வந்தேன்", "எதிரி இங்கே வரக்கூடாது" என்பன போன்ற செய்திகளே பெரும்பாலான சுவர்க்குறிகளில் அடங்கியுள்ளன. ஒரு பகுதியின் சுவர்க்குறிகளைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் அங்கு மோதல் உருவாவதை முன்கூட்டியே உணர முடியும். தவறாகப் படித்தால் குற்றமற்றவர் மீது பழி விழும்.

வரலாறு

பரப்புகளில் பெயர் கீறும் பழக்கம் மிகப் பழமையானது. கீழடி, கொடுமணல் முதலிய அகழாய்வு இடங்களில் கிடைத்த பானை ஓடுகளில் கீறல் குறியீடுகளும் தமிழி எழுத்தில் ஆட்பெயர்களும் காணப்படுகின்றன. இலங்கையின் சிகிரியாவில் உள்ள கண்ணாடிச் சுவரில் பழங்காலப் பார்வையாளர்கள் பாடல்களை எழுதிச் சென்றனர். பெரும்பாலும் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான அப்பாடல்களில் 685ஐத் தொல்லியலாளர் செனரத் பரணவிதான படித்து 1956இல் நூலாக வெளியிட்டார்.

அதே சுவரில் 2015ஆம் ஆண்டு மட்டக்களப்பைச் சேர்ந்த ஓர் இளம் தமிழ்ப் பெண் தன் பெயரைக் கீறினார். நீதிமன்றம் அவருக்கு இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. பல தரப்பினரும் கருணை கோரியதை அடுத்து, சில வாரங்களில் குடியரசுத் தலைவரின் மன்னிப்பால் அவர் விடுதலையானார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கீறல் தொல்பொருளாகவும் இன்றைய கீறல் குற்றமாகவும் கருதப்படுவதற்குக் காரணம் உண்டு. இன்றைய கீறல் முந்தையதை அழித்துவிடுகிறது. அழிந்ததை மீண்டும் உருவாக்க இயலாது.

தற்கால நகரக் கிராஃபிட்டி 1960களின் இறுதியில் அமெரிக்காவின் பிலடெல்பியா, நியூயார்க் நகரங்களில் பரவியது. நியூயார்க்கில் 183ஆம் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் "டாகி 183" என்ற பெயரை நகரெங்கும் எழுதினார். 1971இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அவரைப் பற்றிச் செய்தி வெளியிட்ட பின்னர் அவரைப் பின்பற்றி எழுதுவோர் பெருகினர்.

கும்பல் குறியும் கையொப்பக் குறியும்

மேலைநாட்டு நகரங்களில் சுவர்க்குறிகளை முதலில் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பர்.

கையொப்பக் குறி: இது தனி ஒருவரின் புனைபெயர். டேக் எனப்படும். எழுதுபவர் டேகர் எனப்படுவார். எழுத்துகள் வளைந்தும் பின்னியும் இருக்கும். வெளியாருக்கு எளிதில் படிக்க வராது. ஒரே பெயர் பல இடங்களில் திரும்பத் திரும்பக் காணப்படும். மேம்பாலம், ரயில் பெட்டி, உயரமான விளம்பரப் பலகை என எட்டுவதற்குக் கடினமான, பலர் பார்க்கும் இடங்களை டேகர் விரும்புவார். அவர் தேடுவது புகழ்.

கும்பல் குறி: இது குழுவின் எல்லைக்கல் போன்றது. எழுத்து பெரும்பாலும் எளிமையாகவும் தெளிவாகவும் இருக்கும், ஏனெனில் எதிரி அதைப் படிக்க வேண்டும். குழுவின் பெயர், தெருவின் பெயர், எண், உறுப்பினரின் பட்டப்பெயர் ஆகியன இடம்பெறும். கலிபோர்னியாவில் 13 என்ற எண் ஆங்கிலத்தின் 13ஆம் எழுத்தான "எம்" என்பதையும், 14 என்ற எண் "என்" என்பதையும் குறித்து, ஒன்றையொன்று எதிர்க்கும் இரு பிரிவுகளின் அடையாளமாக வழங்குகின்றன.

கும்பல் குறியில் மிக முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அடித்தல் ஆகும். ஒரு குழுவின் பெயர் மீது மற்றொரு குழு கோடு போட்டுவிட்டுத் தன் பெயரை எழுதினால் அது அறைகூவல். ஒரே சுவரில் அடித்தலும் பதில் அடித்தலும் மாறி மாறி வந்தால் அந்த எல்லை தகராறில் இருக்கிறது என்று பொருள். எண்ணிக்கையில் பார்த்தால் பல நகரங்களில் டேகர் எழுதியவையே அதிகம். எனவே புரியாத எழுத்து அனைத்தையும் கும்பலின் வேலை எனக் கொள்வது தவறு.

தமிழ்நாட்டுச் சுவர்கள்

தமிழ்நாட்டில் அமெரிக்கப் பாணிக் கும்பல் குறிகள் அரிது. ஆயினும் சுவரால் இடம் பிடிக்கும் வழக்கம் வேறு வடிவங்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது.

கட்சிச் சுவர்: 1951–52 முதல் பொதுத்தேர்தல் தொட்டே எழுத்தறியாத வாக்காளரும் அறியும்படி சின்னம் முதன்மை பெற்றது. அச்சின்னத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றதில் சுவர் விளம்பரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தேர்தலுக்கு முன்பே சுவருக்கு வெள்ளையடித்து, கட்சியின் பெயரையும் ஆண்டையும் எழுதி "ரிசர்வ்" செய்வது வழக்கம். ஒரு கட்சி பிடித்த சுவரில் மற்றொரு கட்சி எழுதுவது சண்டைக்கு அழைப்பதாகக் கொள்ளப்படும். பா. இரஞ்சித் இயக்கி 2014இல் வெளிவந்த "மெட்ராஸ்" திரைப்படம் வடசென்னைக் குடியிருப்பு ஒன்றில் இத்தகைய ஒரு சுவருக்காக நடக்கும் பகையை மையமாகக் கொண்டது.

மன்றச் சுவர்: நடிகர்களின் ரசிகர் மன்றங்கள் பெயரும் பட்டமும் எழுதி வைப்பவை. பெரும்பாலும் தெருமுனை, தேநீர்க்கடை, திரையரங்கு ஆகியவற்றின் அருகில் காணப்படும்.

ரூட்டு எழுத்து: சென்னையில் கல்லூரி மாணவர்கள் பேருந்துத் தடம் அல்லது ரயில் வழித்தடத்தின்படி குழுவாகச் சேர்வது உண்டு. குழுத் தலைவரை "ரூட்டு தல" என்பர். கல்லூரிப் பெயரும் தட எண்ணும் சேர்த்து எழுதப்பட்டிருந்தால் அது இவ்வகையைச் சேர்ந்தது. 2019 சூலையில் சென்னை அரும்பாக்கத்தில் ஓடும் பேருந்தில் மாணவர்கள் பட்டாக்கத்தியால் தாக்கப்பட்ட நிகழ்வு இக்குழுப் பகையின் தீவிரத்தைக் காட்டியது.

சாதி அடையாளம்: தமிழ்நாட்டில் கும்பல் குறிக்கு மிக நெருங்கியது இதுவே. குறிப்பாகத் தென்மாவட்டங்களில் மின்கம்பம், பாலத்தின் கைப்பிடிச் சுவர், குடிநீர்த்தொட்டி முதலியவற்றில் குறிப்பிட்ட வண்ணப் பட்டைகள் பூசப்படுகின்றன. இதில் எழுத்தே தேவையில்லை, வண்ணம் போதும். "இந்தத் தெரு யாருடையது" என்பதை அது அறிவிக்கிறது. அதே வண்ணங்கள் மாணவர்களின் கைக்கயிறாகப் பள்ளிக்குள்ளும் நுழைகின்றன. 2023 ஆகத்தில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன் பயின்ற மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். இதையடுத்து அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 சூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கைக்கயிறு முதலிய அடையாளங்களைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது.

மலைப்பாதையில்: அடிவாரம் முதல் ஏற்காடு வரை

சேலத்தின் வடக்கே அடிவாரத்தில் தொடங்கும் மலைப்பாதை 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலையின் மேலுள்ள ஏற்காட்டை அடைகிறது. இதுபோன்ற சுற்றுலா மலைப்பாதைகளின் குறிகள் நகரத்துக் குறிகளிலிருந்து வேறுபட்டவை. அடிவாரத்து ஊர்ச்சுவர்களில் எழுதுபவர் உள்ளூர்க்காரர். மேலே செல்லச் செல்ல எழுதுபவர் ஒருநாள் வந்து போகும் பயணி. முன்னவர் இடத்துக்கு உரிமை கோருகிறார். பின்னவர் வந்ததற்குச் சான்று வைக்கிறார்.

பயணி எழுத்தில் இருவர் பெயரின் முதல் எழுத்துகள், அம்பு தைத்த இதயம், ஊரின் பெயர், தேதி ஆகியன இருக்கும். காட்சி முனைகளின் கைப்பிடிச் சுவர், பாறை, மரப்பட்டை, கற்றாழை மடல் ஆகியவை இவர்களுக்கு ஏடாகின்றன. இவற்றில் பகையோ எல்லையோ இல்லை. ஆனால் சேதம் உண்டு. மரத்தின் நீரும் உணவும் செல்லும் பாதைகள் பட்டையை ஒட்டியே உள்ளன. ஆழக் கீறினால் அப்பாதை அறுபடும். காயத்தின் வழியே பூஞ்சையும் பூச்சியும் நுழையும். மரம் வளர்ந்தாலும் கீறிய பெயர் மேலே ஏறாது. மரம் நுனியில்தான் நீள்கிறது. அடிமரம் பருக்க மட்டுமே செய்கிறது. அதனால் எழுத்து அதே உயரத்தில் அகன்று வடுவாக நிற்கும். பாறையில் படரும் மரப்பாசி எனப்படும் லைக்கன்களில் பல ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாகவே வளர்பவை. பெயிண்ட் பூசி அழிந்த ஒரு கையகலப் பரப்பு மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம்.

மலைப்பாறைகளை வணிக நிறுவனங்களும் விட்டுவைப்பதில்லை. இமாசலப் பிரதேசத்தின் மணாலி–ரோத்தங் சாலைப் பாறைகளில் விளம்பரம் தீட்டப்பட்டதை 2002இல் உச்ச நீதிமன்றம் கையில் எடுத்து, அதனைச் சூழலுக்கு இழைத்த கேடாகக் கருதி விசாரித்தது.

தவறாகப் படிக்கப்படும் குறிகள்

சுவரில் காணும் குறிகளில் கணிசமானவை அரசுப் பணியாளர் இட்டவை. போலியோ சொட்டு மருந்துப் பணியாளர்கள் வீட்டுக் கதவருகே சாக்கட்டியால் தேதியும் எண்ணும் எழுதுவர். குழந்தைகள் அனைவரும் மருந்து பெற்ற வீட்டுக்கு ஆங்கில "பி" எழுத்தும், மீண்டும் வர வேண்டிய வீட்டுக்குப் பெருக்கல் குறியும் இடுவர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது வீட்டு எண் எழுதப்படும். சாலையோர மரங்களில் எண்ணும் வண்ணப் பட்டையும், சாலையில் நில அளவைக் குறிகளும் இடப்படும்.

இவை "திருடர்கள் இட்ட அடையாளம்" என்று வாட்ஸ்அப் வழியே பரவுவது உண்டு. இது வேடிக்கையாகக் கடந்து போகக் கூடியது அன்று. குழந்தை கடத்துவோர் நடமாடுவதாக வதந்தி பரவியிருந்த 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற முதிய பெண் ஒருவர் ஊர் மக்களால் அடித்துக் கொல்லப்பட்டார். குறியைப் பார்த்ததும் அயலாரைச் சந்தேகிப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடமோ சுகாதாரப் பணியாளரிடமோ கேட்டுத் தெளிவது முதல் கடமையாகும்.

படிக்கும் முறை

ஒரு சுவர்க்குறியை இனங்காணக் கீழ்வரும் கேள்விகள் உதவும்.

• எங்கே உள்ளது? ஊர் எல்லை, தெருமுனை, பள்ளி வாயில் என்றால் எல்லைக்குறியாக இருக்கலாம். காட்சி முனை என்றால் பயணி எழுத்து. கதவு நிலை என்றால் அரசுப் பணிக்குறி.
• எதனால் எழுதப்பட்டது? சாக்கட்டி தற்காலிகப் பணியைக் காட்டும். தூரிகையும் பெயிண்டும் திட்டமிட்ட வேலை. சாவி, ஆணி, கரித்துண்டு ஆகியன அந்த நேரத்து உந்துதல்.
• எத்தனை இடத்தில் உள்ளது? ஒரே குறி வரிசையாகத் தொடர்ந்தால் அதன் பின்னால் ஓர் அமைப்பு உள்ளது.
• அடிக்கப்பட்டுள்ளதா? எழுத்தின் மீது கோடு, சாணம், தார் முதலியன இருந்தால் அங்கு இரண்டு தரப்பு உள்ளன.
• பெயர் கூறி மிரட்டுகிறதா? ஆளின் பெயரும் வசையும் அல்லது ஆயுதப் படமும் இருந்தால் தாமதமின்றிக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

சட்டம்

தமிழ்நாட்டில் பொதுவெளியை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. பொதுச்சொத்துக்குச் சேதம் விளைவித்தால் 1984ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் பொருந்தும். மத்தியப் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களைச் சிதைத்தால் 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டத்தின்கீழ், 2010 திருத்தத்துக்குப் பின், 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். தேர்தல் நடத்தை விதிகளின்படி உரிமையாளரின் அனுமதியின்றித் தனியார் சுவரில் எந்தக் கட்சியும் எழுதக்கூடாது.

அகற்றுதலும் மாற்றும்

சுவர்க்குறி மேலும் ஒழுங்கீனத்தை வளர்க்கிறதா என்பது நெடுநாள் விவாதம். 1982இல் ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் முன்வைத்த "உடைந்த சன்னல்" கோட்பாடு வளர்க்கிறது என்றது. 2008இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஒரு சோதனை நடந்தது. சுத்தமான சுவர் அருகே நிறுத்திய மிதிவண்டிகளில் மாட்டப்பட்ட துண்டுத்தாளை 33 விழுக்காட்டினர் தரையில் எறிந்தனர். அதே சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 விழுக்காட்டினர் எறிந்தனர். ஆயினும் குப்பை எறிவது வேறு, வன்முறை வேறு. இக்கோட்பாட்டின் பெயரால் ஏழைப் பகுதி இளைஞர்கள் மீது அளவுகடந்த காவல் நடவடிக்கை எடுக்கப்பட்டதாகவும் கடும் விமர்சனம் உண்டு.

அழிப்பதற்கு முன் தேதியுடன் ஒளிப்படம் எடுத்து வைப்பது நன்று. மிரட்டல் எழுத்தானால் அது சான்றாகும். பின்னர் விரைவாக அழிக்க வேண்டும். பூச்சுச் சுவருக்கு மறுவண்ணம் போதும். பழங்கால கல் கட்டடங்களையும் பாறை ஓவியப் பரப்புகளையும் பொதுமக்கள் சுரண்டவோ அமிலம் ஊற்றவோ கூடாது. தொல்லியல் துறைக்கே தெரிவிக்க வேண்டும். மரத்தின் கீறலை மேலும் செதுக்காமல் விடுவதே நல்லது.

சாதி வண்ணத்தை இரவோடு இரவாக ஒரு தரப்பு மட்டும் அழித்தால் அதுவே புதிய மோதலாகும். காவல்துறை, ஊராட்சி, இரு தரப்புப் பெரியவர்கள் ஆகியோர் முன்னிலையில் அனைத்துத் தெருக்களிலும் ஒரே நாளில் அழிப்பதே நிலைக்கும். அழித்த இடத்தை வெறுமையாக விடாமல் பயன்படுத்துவதும் உதவும். சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரில் 2020இல் குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. குற்றச் செய்திகளோடு மட்டும் சேர்த்துப் பேசப்பட்ட அப்பகுதியின் பெயர் அதன்பின் ஓவியத்துக்காகவும் பேசப்பட்டது. வேலையின்மை, தொலைவு முதலிய அங்குள்ளோரின் குறைகளை ஓவியம் தீர்த்துவிடவில்லை. ஆனால் அச்சுவர்களில் தீட்டப்பட்டவற்றில் அங்கு வாழும் மக்களின் முகங்களும் இருந்தன.