ஆண்மைச் சுரப்பும் வாழ்க்கை நலமும்

காளையைக் காயடித்தால் அதன் சீற்றம் அடங்கி ஏருக்கு இணங்கும் என்பதை உழவர் தொன்றுதொட்டு அறிவர். அதன் காரணத்தை அறிஞர் கண்டது அண்மைக் காலத்திலேதான். அக்காரணமாகிய சுரப்பு யாது என்பதையும், அது குறைந்த ஆடவர்க்கு மருந்தாக ஈந்தால் வாழ்க்கை எவ்வளவு சீர்ப்படும் என்பதையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

1849-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துக் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்ட் என்னும் பேராசிரியர் சில இளஞ்சேவல்களைக் காயடித்தார். அவற்றின் கொண்டை சிறுத்தது. கூவுதலும் போரிடுதலும் ஒழிந்தன. வேறு சிலவற்றிற்கோ, எடுத்த விரையை வயிற்றினுள்ளே பதித்து வைத்தார். நரம்புத் தொடர்பு அற்றுப்போயினும் அவை வழக்கம்போலச் சேவல்களாகவே வளர்ந்தன. ஆகவே, விரையினின்று ஏதோவொரு பொருள் இரத்தத்திற் கலந்து உடலெங்கும் தொழிற்படுகிறது என்பது புலனாயிற்று.

1889-இல் பாரிஸ் நகரத்துப் புகழ்பெற்ற வைத்தியராகிய பிரௌன்-ஸெக்கார், தமது 72-ஆம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விரைச்சாற்றை ஊசிவழியே தம் உடலிற் செலுத்திக்கொண்டு, இழந்த வலிமை மீண்டதென்று அறிவித்தார். பலர் அச்சாற்றை நாடினர். ஆனால் நீரிற் பிழிந்த அச்சாற்றில் அப்பொருள் இல்லையென்னும் அளவிற்கே இருக்கக்கூடும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவர் பொய்யுரைத்தாரல்லர், நம்பிக்கையே அவர்க்கு மருந்தாயிற்று. இச்செய்தியை நாம் மறத்தலாகாது.

1935-இல் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர் காளையின் விரையினின்று அப்பொருளைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்து, டெஸ்டோஸ்டிரோன் எனப் பெயரிட்டனர். பூட்டெனாண்ட், ருஸிக்கா என்னும் இருவர் அவ்வாண்டிலேயே அதனைச் செயற்கையாக ஆக்கினர். 1939-ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசு இவ்விருவர்க்கும் அளிக்கப்பட்டது. இன்று அஃது ஊசிமருந்தாகவும், தோலிற் பூசும் களிம்பாகவும் கிடைக்கிறது.

பிறவிக் குறையாலோ, விரைக்கு நேர்ந்த நோயாலோ, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி பழுதுற்றமையாலோ இச்சுரப்புக் குன்றிய ஆடவர் உளர். அவர்க்கு இல்லறவின்பத்தில் நாட்டம் குறையும், தாடி அருகும், தசை மெலியும், எலும்பு வன்மை இழக்கும், உள்ளம் சோரும். இவற்றை வெளியிற் சொல்ல நாணி, சோம்பரென்று பிறர் இகழ்வதையும் பொறுத்து வாடுவோர் உண்டு. இவர்க்கு இம்மருந்தை ஈதல், உடலுக்கு உரியதை உடலுக்கே திருப்பித் தருதலாகும்.

ஆயின், மூப்பினால் இச்சுரப்புச் சிறிது சிறிதாகக் குறைதல் வேறு. அமெரிக்காவில், 65 வயது நிரம்பிய, சுரப்புக் குறைந்த 790 ஆடவரிடம் நிகழ்ந்த சோதனையின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. ஒரு பகுதியார் மெய்ம்மருந்தையும் மற்றொரு பகுதியார் போலிக் களிம்பையும், தாம் பூசுவது இன்னதென்று அறியாமலே, ஓராண்டு பூசினர். பிரௌன்-ஸெக்கார் தம்மையறியாமல் ஏமாந்தது போல எவரும் ஏமாறாதிருத்தற்கே இம்முறை. மெய்ம்மருந்து பெற்றோர்க்குப் பாலுணர்வு ஓரளவு மிகுந்தது. மனநிலை சிறிது தேறியது. களைப்பு நீங்கி ஊக்கம் பெறுதலிலோ குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. பின்னர் வெளியான முடிவுகளின்படி எலும்பும் இரத்தமும் சீர்ப்பட்டன, நினைவாற்றல் உயரவில்லை.

தீங்குகளையும் அறிதல் வேண்டும். இதயநோயோ அதற்கு ஏதுவோ உடைய 5,000-க்கு மேற்பட்ட ஆடவரிடம் நிகழ்ந்து 2023-இல் வெளியான சோதனையில், மாரடைப்பும் பக்கவாதமும் மிகவில்லை. ஆனால் இதயத்துடிப்பு ஒழுங்கு கெடுதலும், நுரையீரற் குழாயில் இரத்தக்கட்டி அடைத்தலும் சற்றே மிகுந்தன. மேலும், இம்மருந்து புறத்தேயிருந்து வருங்கால் விரை தன் தொழிலைக் குறைத்துக்கொள்ளும், விந்தணு அருகும். ஆதலின் மகப்பேறு விரும்பும் இளைஞர்க்கு இது தகாது. உடற்கட்டு வளர்த்தற்பொருட்டு இதனைத் தாமாகவே ஏற்றிக்கொள்ளும் மாணவர் இதனை உற்றுநோக்குவாராக.

எனவே, குறையுண்டென ஐயுறுவோர் நாணத்தை விடுத்து வைத்தியரை அணுகி, வெவ்வேறு நாட்களில் இருமுறை காலைவேளையில் இரத்தத்தைச் சோதித்தறிதல் கடன். குறை மெய்யாயின் மருந்து வாழ்வளிக்கும். குறையில்லாதார்க்கு நல்லுணவும், உடற்பயிற்சியும், போதிய உறக்கமுமே உரிய மருந்தாம். இளமையை விற்போமென்னும் விளம்பரங்களுக்கு அவர் செவிகொடாதிருப்பதே அறிவுடைமை.