அறுபத்தோராவது பிள்ளை

விருதுநகர் விருதுபட்டி என்று வழங்கிய காலத்தில், அவ்வூர் நாடார் பெருமக்கள் தம் பிள்ளைகளின் கல்விக்கென்று சத்திரிய வித்தியாசாலையைக் கண்டனர். அதனை நடத்துதற்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி திரட்டினர். உலையில் இடுமுன் ஒரு பிடியைத் தாய்மார் தனியே எடுத்து வைப்பர். அவ்வாறு சேர்ந்த அரிசியே பள்ளியைத் தாங்கிற்று. 1903இல் அவ்வூரில் பிறந்த காமராசர் அங்குப் பயின்றவர். குடும்பச் சூழ்நிலையால் படிப்பை இடையில் நிறுத்தியவர். பின்னாளில் அவர் முதலமைச்சராகிப் பள்ளிகளில் மதிய உணவுக்கு வழி வகுத்ததை நம் வாசக அன்பர்கள் அறிவர்.

பிடி அரிசியில் நாம் அதிகம் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. அரிசி கொடுத்தவரே பள்ளியைக் கணக்குக் கேட்கவும் வல்லவராயிருந்தார். பாடம் ஒழுங்காக நடவாவிடில் ஆசிரியரைத் தெருவிலேயே நிறுத்தி வினவலாம். ஆசிரியரும், அரிசி வந்து சேரவில்லை என்று அதே தெருவில் மறுமொழி கூறலாம். பொறுப்பு இரு திசையிலும் ஓடிற்று.

இன்று ஊதியம் தருவது அரசு. நம் திருச்சபை நடத்தும் நிதியுதவி பெறும் பள்ளிகளிலும் அவ்வாறே. (1991-92ஆம் கல்வியாண்டிற்குப் பின் தோன்றிய தனியார் பள்ளிகளுக்கு அந்த மானியமும் இல்லை.) கணக்குக் கேட்பதும் அரசே. அதில் குறை காண்பதற்கில்லை. பொதுமக்கள் பணத்திற்குக் கணக்கு வேண்டும். ஆயின் அக்கணக்கு எந்த நாளில், எதை எண்ணிப் பார்க்கிறது என்பதில்தான் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதித் தலைமை ஆசிரியர்களின் மனச்சுமை அடங்கியுள்ளது.

ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் நாளில் பதிவேட்டில் உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். அறுபத்தொன்று முதல் தொண்ணூறு வரை மூவர். பட்டாசு ஆலைகளைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் அறுபத்தொரு பிள்ளைகள் பயிலும் பள்ளியை எண்ணிப் பாருங்கள். ஐந்து வகுப்புகளுக்கு மூன்று ஆசிரியர். ஜூலைத் திங்களில் ஒரு குடும்பம் பிழைப்புத் தேடி வேறூர் செல்கிறது. ஒரு சிறுமி மாற்றுச் சான்றிதழ் பெற்றுப் போகிறாள். ஆகஸ்டு முதல் நாளன்று எண்ணிக்கை அறுபது. மூன்றாம் ஆசிரியர் 'உபரி' ஆகிறார். பணி நிரவல் என்ற பெயரில் வேறு பள்ளிக்கு அனுப்பப்படக் காத்திருக்கிறார். எஞ்சிய அறுபது பிள்ளைகள் ஐந்து வகுப்புகளாக இருவரிடம் அமர்கின்றனர். போனவள் ஒருத்தி, இழந்தவர் அறுபது பேர்.

சட்டம் தீயதென்று கூறவில்லை. எங்கேனும் ஒரு கோடு கிழித்தே ஆகவேண்டும். ஆயினும் இக்கோடு தலைமை ஆசிரியரை எத்தகைய சோதனைக்கு உட்படுத்துகிறது என்பதை மேலிருப்போர் உணர்தல் நன்று. போய்விட்ட பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் ஒரு திங்கள் நீட்டித்து வைத்தால் என்ன என்ற எண்ணம் நேர்மையாளர் மனத்திலும் எழக்கூடும். பொய்ப் பெயரை எழுதுவது பொய்யே. அதை நாம் நியாயப்படுத்த இயலாது. ஆனால் உண்மை எழுதுபவர் ஆசிரியரை இழக்கும் வண்ணம் ஓர் ஏற்பாடு இருக்குமாயின், அவ்வேற்பாட்டையும் விசாரணைக் கூண்டில் ஏற்ற வேண்டாமா?

இந்தப் பகுதியில் பிள்ளைகளின் வரவும் போக்கும் ஏனைய ஊர்களைப் போன்றதன்று. இங்கே பல குடும்பங்களின் கூலி செய்த உருப்படியைப் பொறுத்தது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்ததைத் தொடர்ந்து, ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தன. வீட்டில் கூலி நின்றால் அது முதலில் தெரிவது பள்ளியின் வருகைப் பதிவேட்டில். விபத்து நேர்ந்தாலோ சொல்லவே வேண்டியதில்லை. 2012இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்களைக் குடித்த வெடிவிபத்து நிகழ்ந்தது செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று. தாயையோ தந்தையையோ இழந்த பிள்ளையின் படிப்பு நில்லாமல் பார்த்துக்கொள்வது எந்தப் படிவத்திலும் இல்லாத பணி. அதைச் செய்தவர்க்கு மதிப்பெண் இடும் அலுவலரும் இல்லை.

குழந்தைத் தொழிலின் வரலாறும் இதனோடு பிணைந்தது. 1986இல் தடைச் சட்டம் வந்தது. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் இப்பகுதி முதல் வரிசையிலேயே இடம் பெற்றது. 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறிப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தீப்பெட்டி ஒட்டிய விரல்கள் எழுதுகோல் பிடித்தது சட்டத்தினால் மட்டுமன்று. வீடு வீடாய்ச் சென்று மன்றாடிய ஆசிரியர்களாலும்தான். அத்திட்டத்தின் தனிப் பள்ளிகள் 2021இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இணைக்கப்பட்டன. வேலையிலிருந்து மீளும் பிள்ளையை ஏற்கும் கடமை முழுவதும் சாதாரணப் பள்ளியின் தோளுக்கு வந்தது. அப்பிள்ளை நவம்பரில் வந்து சேர்ந்தால், ஆகஸ்டுக் கணக்கில் அவள் இல்லை.

வேடிக்கை ஒன்றையும் குறிப்பிடலாம். 2018இல் விருதுநகர் மாவட்டம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 97.05 விழுக்காட்டுத் தேர்ச்சியுடன் தமிழகத்தில் முதலிடம் பெற்றது. அதே ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட, வளர்ச்சியில் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலிலும் விருதுநகர் இருந்தது! ஒரு கணக்கில் முதல், மற்றொன்றில் பின்தங்கியது. எண் மட்டும் பேசினால் இப்படித்தான்.

நிதியுதவிப் பள்ளிகளுக்குத் தனிக் குறை உண்டு. அங்குத் தமிழ் வழியில் பயிலும் பிள்ளையும் பட்டாசுத் தொழிலாளியின் பிள்ளையே. எனினும் காலை உணவு அரசுப் பள்ளிக்கு 2022இல் வந்தது. ஊரக நிதியுதவிப் பள்ளிக்கு 2024 ஜூலையில்தான் எட்டியது. உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அவ்வாறே தாமதமாய் வந்தது. மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டை 2020ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்க்கு மட்டுமே வழங்கியது. ஒரே தெருவில், ஒரே ஆலை வண்டியில் ஏறும் இரு தாய்மாரின் பிள்ளைகளைப் பள்ளிப் பெயர்ப்பலகை பிரித்து விடுகிறது. கட்டடம், கழிப்பறை, சுற்றுச்சுவர் ஆகியவையோ பெரும்பாலும் நிர்வாகத்தின் தலையில். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்ட பின், கட்டட உறுதி, தீத்தடுப்பு ஆகிய சான்றிதழ்கள் கண்டிப்பாயின. தீயின் இயல்பை அன்றாடம் அறிந்த இப்பகுதித் தலைமை ஆசிரியர் எவரும் அதை எதிர்க்க மாட்டார். அச்சுவரை எழுப்பப் பணம் எங்கிருந்து வரும் என்பதே அவர் வினா.

மேலேயும் பொறுப்பு வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் 2024-25ஆம் ஆண்டிற்குத் தமிழகத்திற்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய், பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தம் குறித்த கருத்து வேற்றுமையால் நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. எப்பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் ஆராயட்டும். ஆனால் ஒரு நாள் வருகைப் பதிவைத் தாமதமாய் அனுப்பிய தலைமை ஆசிரியரிடம் விளக்கம் கேட்கப்படும்போது, ஓராண்டு நிதி தாமதமானதற்குப் பள்ளியிடம் விளக்கம் சொன்னவர் யார்?

பிடி அரிசி கொடுத்த தாயின் இடத்தில் இன்று சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை வைத்திருக்கிறது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கூட்டம் பிற்பகலில் கூட்டப்பட்டால், உருப்படிக் கூலி வாங்கும் தாய் அரை நாள் கூலியை இழந்தல்லவா வரவேண்டும்? ஆலை வண்டிகள் ஊர் திரும்பிய பின், மாலை ஆறரை மணிக்குக் கூட்டத்தை வைக்கலாம். பணியிட நிர்ணயத்திற்கு ஒரே நாளை நம்பாமல் மூன்றாண்டுச் சராசரியைக் கொள்ளலாம். இடையில் மீட்டுச் சேர்த்த பிள்ளையைச் சேர்ந்த நாள்முதல் கணக்கில் ஏற்கலாம். இவற்றிற்கு ஓர் அரசாணை போதும். அதுவரை, ஜூலை மாதத்து மாலைகளில் பதிவேட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு தலைமை ஆசிரியையோ, ஒரு சகோதரியோ உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், அவர் எந்த எண்ணைத் தேடி வந்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும்.