வண்டி எவ்வளவு உட்காருது, தெரியுமா?

மார்பளவு அரை இஞ்ச் கூடினால் டிசர்ட்டை ரிஜெக்ட் பெட்டியில் தூக்கிப் போடும் ஊர் திருப்பூர். ராயபுரத்துப் பனியன் கம்பெனிகளில் இஞ்ச் டேப் கிடக்காத செக்கிங் டேபிளே இல்லை. ஆனால் செக்கிங் முடிந்த பீஸை மூட்டை கட்டி டூவீலரில் ஏற்றியதும் பின்பக்கம் எத்தனை இஞ்ச் இறங்குகிறது என்று அந்த டேப்பை வைத்து யாராவது அளந்ததுண்டா?

முதல் ஆச்சரியம் மூட்டை ஏற்றும் முன்பே இருக்கிறது. சென்டர் ஸ்டாண்டிலிருந்து இறக்கியதுமே, ஆள் ஏறாமலே, வண்டி தன் எடைக்கே கொஞ்சம் இறங்கிவிடும்! ஆள் ஏறினால் இன்னும் இறங்கும். இந்த இறக்கத்தைப் பந்தயக்காரர்கள் ‘சேக்’ என்பார்கள். இது பழுதல்ல, வேண்டியே வைத்தது. சக்கரம் மேடேறும்போது மேலே போக இடம் வேண்டும். பள்ளம் வந்தால் கீழே இறங்கித் தரையைப் பிடிக்கவும் இடம் வேண்டுமல்லவா? மொத்த ஆட்டத்தில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் சரி. சக்கரம் 10 செ.மீ. ஏறி இறங்கும் வண்டி என்றால், நீங்கள் உட்கார்ந்ததும் 3 செ.மீ. போல இறங்க வேண்டும்.

எத்தனை சுமைக்கு எத்தனை சுருக்கம் என்ற ஸ்பிரிங் கணக்கைக் கண்டுபிடித்த ராபர்ட் ஹூக், வேறு யாரும் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாதென்று 1676இல் அதை எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராகத்தான் வெளியிட்டார், தெரியுமா? விடையை அவர் சொன்னது 1678இல்! அந்த விதிதான் இன்றைக்கு உங்கள் சீட்டுக்கடியில் வேலை பார்க்கிறது.

பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாமல், சீட்டுக்கு மட்டும் ஸ்பிரிங் வைத்து ஓடிய காலமும் உண்டு. பின்சக்கரத்தை ஸ்பிரிங்கோடு ஏறி இறங்க விடும் ஸ்விங் ஆர்மோடு வந்த புல்லட்டின் மாதிரி வண்டிகளை ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ஓட்டிக் காட்டியது 1948இல். அதே புல்லட்தான் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கைக்கு வந்து சென்னை வண்டி ஆனது. ஓசூரில் 1980இல் பிறந்த டிவிஎஸ் 50-இன் வாரிசான எக்ஸ்எல் 100 இன்னும் வேடிக்கை. வண்டியின் எடை 90 கிலோவுக்கும் கீழே. ஆளையும் சேர்த்து அது சுமக்கலாம் என்று கம்பெனி சொல்வது 130 கிலோ! நம் ஊரில் அதற்கு மேலும் ஏற்றுகிறோம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பின்பக்கம் அளவுக்கு மீறி உட்கார்ந்தால் என்ன ஆகும்? முன்சக்கரத்தில் கனம் குறையும். ஃபோர்க் சாய்வு கூடும். ஹேண்டில் லேசாகி, முக்குத் திரும்பும்போது வண்டி அகலமாகச் சுற்றி எதிர்ப்பக்கம் போய்விடும். ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும்; எதிரே வருகிறவர் கண் கூசிக் கெட்ட வார்த்தை சொல்வார். தப்பு லைட்டில் இல்லை, ஸ்பிரிங்கில்!

ஆனால் மோட்டோஜிபி பந்தயத்தில் பின்பக்கத்தை வேண்டுமென்றே தாழ்த்துகிறார்கள், தெரியுமா? ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது முன்சக்கரம் தூக்காமல் இருக்கத்தான். அதற்கென்று வந்த கருவிகளுக்கு 2027 முதல் தடை. இவ்வளவு நுணுக்கம் வெளிநாட்டில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஓசூரிலிருந்து வரும் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு 2021 முதல் முன் ஃபோர்க்கையே திருகி மாற்றும்படி கேட்டு வாங்கலாம்.

சரி, அளப்பது எப்படி? இரண்டு பேர் வேண்டும். சென்டர் ஸ்டாண்டில், பின்சக்கரம் தரையைத் தொடாதபோது, ஆக்சிலிலிருந்து நேர் மேலே பாடியில் ஒரு ஸ்க்ரூ வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இறக்கி, நீங்கள் ஏறி உட்கார, கூட இருப்பவர் அதே இடத்தில் அளக்கட்டும். வித்தியாசம்தான் உங்கள் கணக்கு. சீல் உரசலால் ஷாக் அப்சர்பர் ஒரே இடத்தில் நிற்காது. அதனால் ஒரு தடவை அமுக்கிவிட்டும், ஒரு தடவை தூக்கிவிட்டும் அளந்து சராசரி எடுப்பது நல்லது.

பல பைக்குகளில் பின் ஷாக்கில் ஐந்து படி இருக்கும்; டூல் கிட்டில் கிடக்கும் சி ஸ்பேனர் அதற்குத்தான். படியை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று நிறைய மெக்கானிக்குகளே சொல்வார்கள். ஆகாது! ஸ்பிரிங் அதேதான், வண்டி கொஞ்சம் உயர்ந்து நிற்கும், அவ்வளவே. கடைசிப் படியிலும் மூட்டையோடு தொப்பென்று உட்கார்ந்தால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள், இல்லையென்றால் மூட்டையைக் குறையுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். சாயங்காலம் மூட்டையை இறக்கிவிட்டுப் பிள்ளையை ட்யூஷனிலிருந்து கூட்டிவரக் கிளம்பும் முன், படியைப் பழையபடி இறக்கிவிடுங்கள். பின்னால் இரண்டு ஷாக் இருந்தால், இரண்டும் ஒரே படியில் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.