குங்குமப்பூ மணத்த சந்தை ஊர்

ஒரு ஊரின் சந்தையை அப்படியே தூக்கிப் பக்கத்து ஊரில் வைக்க முடியுமா? 1141இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் அது நடந்தது. அரியணைக்காக மட்டில்டாவும் அவருடைய அத்தை மகன் ஸ்டீபனும் மோதிக்கொண்டிருந்த காலம். இரு தரப்புக்கும் ஆள்பலம் தேவைப்பட்டது. எசெக்ஸ் பிரபு ஜெஃப்ரி டி மாண்டவில் தன் ஆதரவுக்கு விலை பேசினார். மட்டில்டா தந்த பட்டயத்தால் நியூபோர்ட்டில் கூடிய சந்தை, ஜெஃப்ரியின் கோட்டை இருந்த வால்டனுக்கு மாறியது. நியூபோர்ட்டுக்குப் போன பாதைகளையும் வால்டன் பக்கம் திருப்பிவிட அந்தப் பட்டயமே அனுமதித்தது. ஜெஃப்ரி மூன்றே ஆண்டுகளில் கலகக்காரராகி, அம்பு பட்டு இறந்தார். கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது கரடுமுரடான கற்சுவர்கள்தான். சந்தை மட்டும் நிலைத்துவிட்டது. சஃப்ரன் வால்டன் என்று இன்று அழைக்கப்படும் இவ்வூரில் செவ்வாயும் சனியும் சந்தை நாட்கள்.

சந்தைத் திடலை ஒட்டி ஒடுக்கமான சந்துகள் இருக்கின்றன. சந்தைக் கடைகள் வரிசை வரிசையாக நின்ற இடங்கள் இவை. காலையில் விரித்து மாலையில் சுருட்டிய கடைகள் நாளடைவில் மரச் சட்டமும் கூரையும் பெற்று வீடுகளாயின. நடைபாதையின் அகலம் அப்படியே நின்றுபோய்த் தெருவாகிவிட்டது. கறிக்கடைக்காரர்கள் ஒரு வரிசை, துணி வியாபாரிகள் ஒரு வரிசை என்று பிரிந்திருந்ததைத் தெருப் பெயர்கள் இன்றும் சொல்கின்றன.

முதலில் கம்பளி ஊருக்குச் சோறு போட்டது. பிறகு வந்தது, ஊர்ப் பெயரில் ‘சஃப்ரன்’ என்று நிற்கும் குங்குமப்பூ. காஷ்மீரத்துச் சரக்கு என்றே நாம் அறிந்த அந்தப் பூ, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் குளிர் மிகுந்த இந்த மண்ணில் விளைந்தது. சுண்ணாம்பு கலந்த, நீர் தேங்காத நிலம் அதற்கு ஒத்துப்போனது. இந்தச் செடி விதை தராது. கிழங்கைப் பிரித்துப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். வெறுங்கையால் செய்ய வேண்டிய வேலை அது. இலையுதிர் காலத்தில் ஊதாப் பூக்கள் மலரும். வெயில் ஏறுமுன் பறித்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்றே மூன்று சிவப்பு இழைகளைக் கிள்ளியெடுத்து, சிறிய சூளைமேல் இளஞ்சூட்டில் உலர்த்துவார்கள். ஒரு கிராம் காய்ந்த சரக்குக்குச் சுமார் 150 பூக்கள் வேண்டும். வாடைக்காற்றில் விரல் விறைக்கக் குனிந்து பறித்தவர்களின் பெயர் எந்தப் பட்டயத்திலும் இல்லை. ஆனால் இந்த ஊரின் செல்வத்துக்கு அவர்களே காரணம் என்பேன்.

சமையலுக்கும் மருந்துக்கும் துணிச்சாயத்துக்கும் அந்த இழைகளைத் தேடி வாங்கினார்கள். அருகிலுள்ள ராட்விண்டரில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், 1577இல் வெளிவந்த தம் இங்கிலாந்து வருணனை நூலில் இந்தப் பயிரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஊர்ச் சின்னத்தில் கோட்டை மதிலுக்குள் மூன்று குங்குமப்பூக்கள் நிற்கின்றன. புனித மரியாள் ஆலயத்திலும் கல்லில் அந்தப் பூவைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் உழைத்த ஜான் வாஸ்டெல் என்ற கல்தச்சர் இந்த ஆலயத்திலும் பணிபுரிந்தவர். அப்படிப்பட்டவரை அமர்த்துமளவுக்கு ஊரில் பணம் இருந்தது.

அதே ஆலயத்தில் 1647இல் வேறொரு கூட்டம் கூடியது. உள்நாட்டுப் போரில் மன்னரை வென்று முடித்த நாடாளுமன்றப் படைக்குச் சம்பள பாக்கி நின்றது. பாக்கியைத் தீர்க்காமல் படையைக் கலைக்கவும், ஒரு பகுதியை அயர்லாந்துக்கு அனுப்பவும் நாடாளுமன்றம் துடித்தது. சமாதானம் பேச ஆலிவர் கிராம்வெல் உள்ளிட்டோர் வந்தார்கள். சாதாரணச் சிப்பாய்கள் தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்துக் குறைகளை எழுத்தில் வைத்தார்கள். இந்த ஊர் வரலாற்றில் என்னை அதிகம் ஈர்ப்பது, ஏவியதைச் செய்யவே பழக்கப்பட்டவர்கள் வாய் திறந்த இந்த நாட்கள்தான்.

18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் குங்குமப்பூ வயல்கள் மறைந்தன. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்தது. பார்லியில் கஷ்டம் குறைவு, காசு அதிகம். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி மால்ட் ஆக்கி விற்றதில் ஊர் மறுபடி தழைத்தது. அதில் வளர்ந்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த கிப்சன் குடும்பம் வங்கியும் தொடங்கியது. 1896இல் இருபது வங்கிகள் இணைந்து பார்க்ளேஸ் உருவானபோது அவற்றில் கிப்சன்களின் வங்கியும் ஒன்று. சரக்கு மாறினாலும் வாங்குபவரும் விற்பவரும் கூடும் திடல் மாறவில்லை. அதனால்தான் ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் இவ்வூர் எழுந்தது என்று நினைக்கிறேன்.

கேம்பிரிட்ஜ் செல்லும் ரயில் பாதை 1845இல் ஊருக்குள் வராமல் பக்கத்திலுள்ள ஆட்லி எண்ட் வழியாகப் போனது. 1865இல் கிளைப் பாதை கிடைத்தது. 1964இல் அதுவும் மூடப்பட்டது. இப்போது லண்டனுக்கு வேலைக்குச் செல்பவர்கள் ஆட்லி எண்ட் நிலையத்துக்குப் போய்த்தான் ரயில் ஏறுகிறார்கள். 1848இல் கட்டிய தானியச் சந்தைக் கட்டடம் இடிபடவில்லை. விவசாயிகள் கைப்பிடி தானியத்தைக் காட்டி விலை பேசிய அந்தக் கூடத்தில் இன்று ஊர் நூலகம் இயங்குகிறது.