கேட்டலும் ஏற்றலும் விடுதலும்

கடுதாசி ஆட்டத்தைப் பற்றிக் கல்லூரி மலரிலே தமிழாசிரியர் எழுதுதல் தகுமோ என வினவுவார் சிலர் இருத்தல் கூடும். திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூதினைக் கடிவது. அதனை மாணாக்கர்க்கு ஓதுவிப்போரும் நாமே. எனினும், பொருளை வைத்து இழக்கும் சூது வேறு. அறிவை வைத்து ஆடும் ஆட்டம் வேறு. யாழ்ப்பாணத்தார் ‘முந்நூற்று நான்கு’ என வழங்கும் ஆட்டம், பணம் வையாதவிடத்து, பின்னையதன் பாற்படும். எப்பொழுது கேட்பது, எப்பொழுது ஏற்றுவது, எப்பொழுது விடுவது என்னுந் துணிபே அதன் உயிர். அதனை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

ஆடுவோர் நால்வர், எதிரெதிர் இருப்போர் கூட்டாளிகள். கடுதாசிகள் 32. ஒவ்வோரினத்திலும் ஜாக்கு 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2 எனப் பெறுமதி கொள்ளும். எட்டுக்கும் ஏழுக்கும் பெறுமதி இல்லை. ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கும் 304. ஆட்டத்தின் பெயர்க்காரணம் இதுவே. ஜாக்கும் ஒன்பதும் தலைமை பெறும் இவ்வியல்பை ஒல்லாந்தர் ஆட்டமொன்றிலே துரும்பினத்துக்கும் காணலாம். ஆடுதன், இஸ்கோப்பன், கிளாவர் என நம்மவர் வழங்கும் இனப்பெயர்களும் ஒல்லாந்தச் சொற்களின் திரிபுகளே. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர் விட்ட சுவடு கோட்டையில் மாத்திரம் இல்லை என்பது இதனாற் புலனாம்.

முதலில் நான்கு கடுதாசிகளே கைக்கு வரும். அவற்றை மாத்திரம் கண்டு, 160 முதலாகக் கேட்டல் வேண்டும். மொத்தத்திற் பாதி 152 ஆதலின், மிகக் குறைந்த கேள்வியும் பாதிக்கு மேற்பட்டதே. இனி, ஓரினத்தில் ஒன்பதும் ஏஸும் நம் கையில் உள்ளன, ஜாக்கு இல்லை எனக் கொள்வோம். நாம் காணாத கடுதாசிகள் 28. அவற்றுள் நான்கு பின்னர் நமக்கு வரும், எட்டு கூட்டாளிக்கு, பதினாறு எதிரிகளுக்கு. எனவே அந்த ஜாக்கு நம்மிடம் வருவதற்கு ஏழில் ஒரு பங்கும், கூட்டாளியிடம் இருப்பதற்கு ஏழில் இரு பங்கும், எதிரிகளிடம் இருப்பதற்கு ஏழில் நான்கு பங்கும் வாய்ப்புண்டு. ‘ஜாக்கு வரும்’ என்று நம்பிக் கேட்பவர், பாதிக்குங் குறைந்த வாய்ப்பை நம்பியே கேட்கின்றார்.

தோல்வியின் விலையையும் எண்ணல் வேண்டும். பரவலாக வழங்கும் கணக்கொன்றின்படி, 200க்குக் குறைந்த கேள்வியில் வென்றால் ஒன்று பெறுவோம்; தோற்றால் இரண்டு இழப்போம். மூன்று முறை கேட்டு இருமுறை வென்றாற்றான் இழப்பின்றி மீளலாம். ஆகவே சரிபாதி நம்பிக்கை கேட்பதற்குப் போதாது.

கேள்வி வளருந்தோறும் செவியும் விழித்திருத்தல் வேண்டும். கூட்டாளி முன்னரே கேட்டிருப்பின் பெருங்கடுதாசி அவரிடம் இருக்கலாம். நம் கை ஓரளவு நன்றாயினும் அவரை விட்டுவிடுதல் நன்று. எதிரி தயங்காது ஏற்றின், அவர் கையை மதித்தல் அறிவு. அவர் ஏற்றிய பின்னரும் நாம் மேலே கேட்பது கை வலியினாலா, வீம்பினாலா என நம்மையே வினவுதல் வேண்டும்.

மேனாட்டார் ஆடும் போக்கரில் இவ்வுண்மை இன்னுங் கூர்மையாய்த் தோன்றும். அங்கே கூட்டாளி இல்லை, எதிரிகளே பலர். ஒருவரை நான்கில் மூன்று முறை வெல்லும் கையொன்று உண்டெனக் கொள்வோம். ஒருவர் கை மற்றவர் கையைச் சாராதெனின், மூவரையும் ஒருங்கே அது வெல்வது 64இல் 27 முறையே, பாதிக்குங் குறைவு. வெறுங்கையோடு பந்தயத்தை ஏற்றி அச்சுறுத்துதலும் அவ்வாறே. ஒருவர் அஞ்சி விடுவது இரண்டில் ஒன்றாயின், மூவரும் விடுவது எட்டில் ஒன்றாம். நடுத்தரக் கை, ஆட்கள் பெருகப் பெருக நலியும். மறுதலையாக, நடுவில் 90 சேர்ந்திருக்க நாம் 30 வைத்தாற் போதுமெனின், வைத்தபின் அங்குள்ளது 120. நான்கில் ஒரு முறை வென்றாலும் நட்டமில்லை. நிறைந்தால் எவரையும் வெல்லத்தக்க கையை, பலர் கூடிய இடத்தில் இக்கணக்கினாலே தொடரலாம்; பின்னிருப்பவர் மேலும் ஏற்றுவாராயின் கணக்கு மாறும் என்பதையும் மறத்தலாகாது.

இவ்வளவுங் கற்றவர்க்கும் அரியது விடுதலே. பாரதத்துத் தருமர்க்கு ஆடத் தெரியாமை மாத்திரம் கேடன்று. இழந்ததை மீட்க மேன்மேலும் வைத்து, விடத் தெரியாமையே பெருங்கேடாயிற்று. முன்பு வைத்த பொருள் இனி நமதன்று. அடுத்து வைப்பதை மாத்திரம் எண்ணுதலே முறை. இக்காலத்துக் கைத்தொலைபேசி இச்சூதினை ஒவ்வோர் இளைஞர் உள்ளங்கையிலும் கொணர்ந்து வைத்துள்ளது. இந்திய நாடாளுமன்றம் 2025இல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுக்களை விலக்கிச் சட்டமியற்றியது. சட்டம் வருமுன் தம்மைக் காக்க வல்லது கணக்கறிவும் அடக்கமுமே.

ஆதலின் மாணாக்கர்காள், ஆடுவீராயின் பணம் வையாது ஆடுக. கேட்குமுன் காணாதவற்றை எண்ணுக. விட்டவரைக் கோழை என்று நகையாதீர். நால்வருள் மிகச் சரியாக எண்ணியவர் அவரேயாதல் கூடும்.